மணிக்கட்டில் நரம்பு வெட்டுப்பட்ட கை: தைத்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

அலஸ்தோட்டத்தாள் எழுதியது:

வணக்கம். தம்பியின் வலது கை பற்றிக் கேட்க வந்தேன். கடையில் கண்ணாடித் தட்டு உடைந்து மணிக்கட்டின் உட்பக்கம் ஆழமாக வெட்டிவிட்டது. மீடியன் என்கிற, மணிக்கட்டின் நடுவால் பெருவிரல் பக்கத்து விரல்களுக்குப் போகும் நரம்பும் விரல் மடக்கும் தசைநாண்கள் சிலவும் அறுந்திருந்தன, எல்லாவற்றையும் தைத்துவிட்டோம் என்று டொக்டர் சொன்னார். கையை அசையாமல் பிடிக்கப் போட்ட ஸ்ப்ளின்ட் கழற்றியாகிவிட்டது. காயமும் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் விறைத்துப்போய்க் கிடக்கின்றன. பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவர ஏலவில்லை, உள்ளங்கைக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் கிடக்கிறது. அதன் அடிச்சதையும் வற்றிக்கொண்டு வருகிறது.

தம்பி திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் கைத்தொலைபேசி திருத்துகிறவன். பொடித் திருகாணிகளை விரல் நுனியால் எடுத்துப் பூட்டுகிற வேலை. இப்போது "தைத்தும் பிரயோசனம் இல்லை, கை செத்துப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு படுத்தே கிடக்கிறான். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாமா பந்து அமுக்கச் சொல்கிறார். பெரியம்மா கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போய் ஊற்றச் சொல்கிறார். கிளினிக்கில் சனம் அதிகம், கேட்க நினைத்ததில் பாதியைக் கேட்காமலே வெளியே வந்துவிடுகிறோம். கை திரும்ப வருமா? அதுவரை வீட்டில் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

தொழில்வழி எழுதியது:

தங்கச்சி, நான் ஓ.டி. என்று சொல்வார்களே, அந்தத் தொழில்வழிச் சிகிச்சை வேலையில் இருப்பவள். கையைப் பார்க்காமல்தான் எழுதுகிறேன். தைத்த டொக்டரோ அங்குள்ள சிகிச்சையாளரோ வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர்கள் சொன்னதையே செய்யுங்கள்.

முதலில் தம்பிக்கு இதைச் சொல்லுங்கள்: கை சாகவில்லை. நரம்பு அறுந்தால், அறுந்த இடத்துக்கு அப்பால் விரல் வரைக்கும் உள்ள இழைகள் சில நாட்களிலேயே சிதைந்துவிடும். இதை அகஸ்டஸ் வாலர் 1850இலேயே எழுதிவைத்துவிட்டார். மிஞ்சுவது வெறும் உறைதான். டொக்டர் தைத்தது அந்த உறைகளை ஒன்றுக்கொன்று நேராகப் பொருத்துவதற்காக. அதன்பிறகு மேலே உயிரோடு இருக்கும் பக்கத்திலிருந்து புதிய இழைகள் முளைத்து, தையலைக் கடந்து, பழைய உறைக்குள்ளே விரலை நோக்கி வளர வேண்டும். ஒட்டியதும் வேலை செய்ய அது கரண்ட் வயர் இல்லை. ஆரம்பத்தில் ஒரு மாதம் போல எந்த அசைவும் தெரியாது. பிறகு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், அவ்வளவுதான் அதன் வேகம்.

வீட்டில் தையல் அளவு நாடா இருந்தால் எடுத்து அளந்து பாருங்கள். தழும்பிலிருந்து பெருவிரலடிச் சதை வரை 6, 7 சென்டிமீட்டர் இருக்கும். நடுவிரல் நுனி வரை 18 போல இருக்கும். அப்படியென்றால் பெருவிரல் சதை அசைய மூன்று நான்கு மாதமாவது வேண்டும். விரல் நுனியில் ஏதாவது தெரியத் தொடங்க ஆறேழு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். இப்போது நுனியில் ஒன்றும் தெரியவில்லை என்பது தையல் பிழையாகிவிட்டதன் அடையாளம் இல்லை. இன்னும் அந்த நேரம் வரவில்லை.

இந்த மாதங்களைச் சும்மா கழிக்கக் கூடாது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. நரம்பு மெதுவாக வந்து சேரும்போது மூட்டுகள் இறுகி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள தோல் சுருங்கிப்போயிருந்தால், வந்த நரம்புக்கு வேலை செய்ய அங்கே கை இருக்காது. நரம்பைக் கெதியாக வளர்க்க நம்மிடம் வழியில்லை. கையைத் தயாராக வைத்திருக்க வழியுண்டு.

ஆகவே, இடது கையால் வலது பெருவிரலைப் பிடித்து உள்ளங்கைக்கு முன்னே கொண்டுவந்து அகட்டி, சற்று நேரம் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். நகத்தடியில் பிடித்து இழுக்கக் கூடாது, பெருவிரலின் அடி எலும்பில் பிடிக்க வேண்டும். நுனியில் பிடித்தால் நடுமூட்டுத்தான் தளரும், அகல வேண்டிய இடம் அகலாது. ஒவ்வொரு விரலையும் ஒவ்வொரு மூட்டாக மடக்கி நிமிர்த்த வேண்டும். ஒருநாளில் ஒரே தடவையாக நீண்ட நேரம் செய்வதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை செய்வது நல்லது. இரவில் பெருவிரலை அகட்டிப் பிடிக்கிற சின்ன ஸ்ப்ளின்ட் ஒன்று வேண்டும். அடுத்த கிளினிக்கில் வாய் திறந்து கேட்டு வாங்குங்கள்.

மாமா சொல்லும் பந்து வேண்டாம். இரண்டு காரணம். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன, அவற்றுக்குப் போகும் நரம்புக்கிளைகள் வெட்டுக்கு மேலேயே பிரிந்துவிட்டன. பந்து அமுக்கினால் ஏற்கெனவே வேலை செய்கிற தசைக்குத்தான் பலம் சேரும், பெருவிரலை எதிரே கொண்டுவரும் தசைக்கு ஒன்றும் கிடைக்காது. மற்றது இன்னும் முக்கியம்: தசைநாண் தைத்து 12 வாரம் ஆகும்வரை, சிகிச்சையாளர் சொல்லாமல் எதையும் இறுக்கிப் பிடிக்கவோ பாரம் தூக்கவோ கூடாது. தைத்த நாண் அறுந்துபோகும்.

கொட்டியாரம் எழுதியது:

அக்கா சொல்வது படிப்பறிவு, மறுக்கவில்லை. ஆனாலும் கன்னியாவை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். எங்கள் மூதூர்ப் பக்கத்தில் கைகால் இழுத்தவர்கள் அந்த ஏழு கிணற்றிலும் ஊற்றி, எண்ணெய் போட்டு உருவி நன்றாகியிருக்கிறார்கள். சூடு பட்டால் இரத்தம் ஓடும், இரத்தம் ஓடினால் நரம்பு வளரும்தானே?

தொழில்வழி எழுதியது:

அண்ணை, கன்னியாவுக்குப் போய்க் கும்பிட்டு, மற்றக் கையால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு வருவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. விறைத்த கையை மட்டும் அந்த நீருக்குள் விட வேண்டாம் என்கிறேன். அங்கே கிணற்றுக்குக் கிணறு சூடு வேறு. எந்தக் கிணற்றில் கை தாங்கும் என்று நமக்குச் சொல்வது விரல்தான். அந்த விரலே விறைத்துக் கிடக்கிறதே. தோலில் கொப்புளம் வந்த பிறகுதான் தம்பிக்குத் தெரியும். உணர்வில்லாத தோலில் வந்த புண் லேசில் ஆறாது, புண் ஆறும்வரை பயிற்சியும் நின்றுபோகும். சூடு நரம்பை வேகமாக வளர்ப்பதும் இல்லை.

எண்ணெய் நல்லதுதான், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. நரம்பு போன தோலில் வியர்வை சுரக்காது. அது காய்ந்து வெடிக்கும். தினமும் கையைச் சாதாரண நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, ஈரத்தோடு தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுங்கள். காயம் முற்றாக மூடியிருந்தால் தழும்பின் மேல் பெருவிரலால் அழுத்தி வட்டமாகத் தேய்க்கலாம். தழும்பு கீழே உள்ள நாணோடு ஒட்டிப்போகாமல் இருக்க அது உதவும். ஆனால் "உருவுவது" என்று சொல்லி ஒருவர் பலம் கொண்ட மட்டும் முன்கையிலிருந்து இழுத்து, விரலைச் சொடுக்கி விடுவாரே, அது வேண்டவே வேண்டாம். புதிதாகத் தைத்த நரம்பு இழுபடக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கைகால் இழுத்தவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை மூளையில், பக்கவாதம். அது வேறு, வெட்டுப்பட்ட நரம்பு வேறு. அதில் ஒருவருக்கு நன்றாகியதை இதில் எடுத்துக்காட்ட முடியாது.

வலைத்தொழில் எழுதியது:

நான் திருக்கடலூர். என்னுடையது அல்னர் நரம்பு, சுண்டுவிரல் பக்கம் போகிறது. முழங்கைக்குப் பக்கத்தில் வெட்டு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் வளைந்து பருந்தின் கால்நகம்போல் நின்றன. உள்ளங்கைக்கும் பெருவிரலுக்கும் நடுவில் உள்ள சதை குழிந்துபோனது. ஒரு கடதாசியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடிக்கச் சொல்லி டொக்டர் இழுப்பார். பெருவிரல் நுனியை மடக்கி மடக்கிப் பிடிப்பேன், அப்படியும் கடதாசி போய்விடும். பேனை பிடிக்கலாம், ஆனால் பூட்டில் சாவி திருப்ப ஏலாது. வலை ஊசியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தங்கச்சி, தம்பியிடம் சொல்லுங்கள், எனக்கு வருடக்கணக்கில்தான் மாற்றம் வந்தது. முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை தூரம் அதிகம். தம்பிக்கு மணிக்கட்டில்தான் வெட்டு, அந்த வகையில் அவருக்குத் தூரம் குறைவு.

ஒரு விசயம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். நாங்கள் கடலில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறவர்கள், கரைக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் சுருங்கிக் கிடக்கும். காயத்துக்குப் பிறகு என் சுண்டுவிரலும் மோதிரவிரலின் வெளிப்பாதியும் மட்டும் சுருங்கவே இல்லை. எவ்வளவு நேரம் தண்ணீரில் நின்றாலும் வழுவழுவென்று அப்படியே இருக்கும். ஒரே விரலில் பாதி சுருங்கி, பாதி சுருங்காமல், கோடு போட்டாற்போல் தெரியும். வெகுநாளைக்குப் பிறகு அடியிலிருந்து மெல்ல மெல்லச் சுருக்கம் வந்தது. கிளினிக்கில் சொன்னபோது அங்கிருந்த சிகிச்சை மிஸ் எழுதி வைத்துக்கொண்டார்.

ஸ்ப்ளின்ட் எனக்கு விரலின் அடி மூட்டை மடக்கிப் பிடிக்கிற மாதிரிச் செய்து தந்தார்கள். போட்டால் வளைந்த விரல் தானாக நிமிரும். அதைப் போட்டுக்கொண்டே வலை வேலையில் சின்னச் சின்ன உதவி செய்தேன்.

தொழில்வழி எழுதியது:

வலைத்தொழில் அண்ணை சொன்ன சுருக்கம் உண்மையில் ஒரு சோதனைதான். விரலை நீரில் அரை மணி நேரம் போல வைத்துப் பார்ப்போம். நரம்பு போன தோல் சுருங்காது. பேசத் தெரியாத சின்னப் பிள்ளைகளிடம் நரம்பு வெட்டுப்பட்டதா என்று பார்க்க இது நல்ல வழி. ஆனால் ஒன்று, சுருக்கம் திரும்பி வருவதும் தொடு உணர்வு திரும்பி வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும் என்றில்லை. சுருக்கம் வந்துவிட்டது என்று சூட்டுப் பாத்திரத்தை அந்த விரலால் தொடக் கூடாது.

அந்த ஸ்ப்ளின்ட்டின் சூட்சுமமும் இதுதான். அல்னர் நரம்பு போனால் அடிமூட்டு பின்னுக்குச் சாயும், அதனால் நுனிமூட்டுகள் வளையும். அடிமூட்டைச் சற்று மடக்கிப் பிடித்துவிட்டால் விரலை நிமிர்த்தும் நாண் நுனிக்குப் பலம் கொடுக்கும். வளைந்த விரலை நேராகக் கட்டி வைப்பதால் இந்தப் பயன் கிடைக்காது.

திருமலை வெயிலுக்காக ஒரு குறிப்பு: நாங்கள் செய்து தரும் ஸ்ப்ளின்ட் பிளாஸ்ரிக், 70 பாகை போலச் சூடான நீரில் போட்டு இளக்கி, கையில் வைத்து வளைத்துச் செய்வது. அதைக் கழற்றி மோட்டார் சைக்கிள் சீற்றிலோ பூட்டிய வாகனத்துக்குள்ளோ வைத்துவிட்டுப் போனால் மத்தியானத்துக்குள் வடிவம் மாறிவிடும். வடிவம் மாறிய ஸ்ப்ளின்ட் எலும்பு முனைகளில் அழுத்தும், விறைத்த கைக்கு அந்த அழுத்தம் தெரியாது. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் ஸ்ப்ளின்ட்டைத் திருத்தக் கொண்டுவாருங்கள்.

கிண்ணியாப்_பாலம் எழுதியது:

ஸலாம். என்னுடையது ரேடியல் நரம்பு, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்துகிறது. மோட்டார் சைக்கிளில் விழுந்து மேற்கை எலும்பு முறிந்தது, எழும்பிப் பார்த்தால் மணிக்கட்டு தொங்குகிறது. நிமிர்த்தவே ஏலாது. வெட்டுக்காயம் இல்லை என்பதால் உடனே திறந்து பார்க்க வேண்டியதில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். அந்தப் பொறுமைதான் கஷ்டம். இப்போது மணிக்கட்டு கொஞ்சம் தூக்குகிறது, அல்ஹம்துலில்லாஹ். விரல்கள் இன்னும் முழுதாக நிமிரவில்லை.

அக்காவிடம் ஒரு கேள்வி. தனியார் இடம் ஒன்றில் தினமும் கரண்ட் வைத்தால் நரம்பு சீக்கிரம் வரும் என்று சொல்லி ஒரு தடவைக்கு நல்ல காசு கேட்கிறார்கள். செய்யலாமா? நரம்புக்கென்று விற்றமின் குளிசையும் எழுதித் தந்திருக்கிறார்கள்.

தொழில்வழி எழுதியது:

சகோதரம், உங்களுக்கு வந்தது நல்ல அறிகுறி. எலும்பு முறிவோடு வருகிற ரேடியல் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் தானாகவே திரும்பும். நரம்பு நசுங்கியிருக்கும் அல்லது இழுபட்டிருக்கும், அறுந்திருக்காது. ஹெர்பர்ட் செடன் 1940களில் நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்தார்: கட்டமைப்பு குலையாமல் கடத்தல் மட்டும் நின்றுபோனது, உறை இருக்க உள்ளிழை சிதைந்தது, முழுதாக அறுந்தது. முதலாவது வாரங்களிலோ சில மாதங்களிலோ தானாகத் தெளியும். இரண்டாவதும் வரும், ஆனால் அந்த மில்லிமீட்டர் கணக்கில்தான். மூன்றாவது தைக்காமல் வராது. மணிக்கட்டு முதலில் தூக்கி, விரல் நிமிர்வது பிந்துவது ஒழுங்கான வரிசைதான். நரம்பு மேலிருந்து கீழே கிட்ட உள்ள தசையை முதலில் அடையும். மூன்று நான்கு மாதத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருந்திருந்தால் மட்டும் கவலைப்பட்டு, நரம்புக் கடத்தல் சோதனை, தசை மின்சோதனை எல்லாம் செய்து, திறந்து பார்ப்பதா என்று யோசித்திருப்பார்கள். காயம் பட்டு மூன்று வாரம் ஆகுமுன் அந்தச் சோதனையைச் செய்து பயனில்லை, சரியான விடை கிடைக்காது.

கரண்ட் விசயம். நரம்பு இல்லாத தசைக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பதால் கை வேலை செய்யும் திறன் கூடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சத்திரசிகிச்சை மேசையிலேயே தைத்த நரம்புக்கு ஒரு மணி நேரம் மின்தூண்டல் கொடுக்கும் முறை ஒன்று ஆராய்ச்சியில் நம்பிக்கை தருகிறது, அது வேறு. உங்களிடம் அந்தக் காசு இருந்தால் கிளினிக்குக்கு வந்துபோகும் பஸ் காசுக்கு வையுங்கள். விறைத்த தோலில் கரண்ட் பட்டிகளை ஒட்டினால் சுட்டாலும் தெரியாது, அதையும் நினைவில் வையுங்கள். விற்றமின் குறைபாடு இருந்தால் குளிசை வேண்டும்தான், குறைபாடு இல்லாதவருக்கு அறுந்த நரம்பை அது வளர்க்காது. சீனி வியாதி இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பதும் சிகரெட்டை விடுவதும் குளிசையைவிடப் பயன் தரும்.

உங்கள் மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட்டைக் கைவிடாதீர்கள். மணிக்கட்டு தொங்கினால் பிடி வராது. இப்போதே உங்கள் மணிக்கட்டைத் தொங்கவிட்டு முட்டி பிடித்துப் பாருங்கள், பிறகு நிமிர்த்திப் பிடியுங்கள், வித்தியாசம் விளங்கும்.

பழைய_காயம் எழுதியது:

யுத்த காலத்தில் செல் துண்டு பட்டு என் கணவருக்கு முன்கையில் நரம்பு போனது. அந்த நேரம் உயிர் தப்பியதே பெரிது, நரம்பைப் பற்றி யார் யோசித்தது? இத்தனை வருடமாக விரல்கள் வளைந்தே இருக்கின்றன. மற்றவர்கள் எழுதுவதை வாசிக்கும்போது ஆசையாக இருக்கிறது. இனி ஏதும் செய்ய ஏலுமா?

தொழில்வழி எழுதியது:

அக்கா, நேராகச் சொல்கிறேன். நரம்பு வராத தசை ஒரு வருடம், ஒன்றரை வருடம் தாண்டினால் திரும்ப இயங்கும் தன்மையை இழந்துவிடும். இத்தனை வருடத்துக்குப் பிறகு நரம்பைத் தைத்து அந்தத் தசைகளை எழுப்ப முடியாது.

ஆனால் வேறு வழி இருக்கிறது. நன்றாக வேலை செய்யும் தசை ஒன்றின் நாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாற்றிப் பொருத்துவார்கள். இதில் நம் மண்ணுக்குக் கிட்ட ஒரு வரலாறு உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டொக்டர் போல் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் அல்னர், மீடியன் நரம்புகள் கெட்டு விரல் வளைந்துபோனவர்களுக்கு இந்த நாண் மாற்றுச் சத்திரசிகிச்சையைச் செய்து, கூலி வேலைக்கும் தச்சு வேலைக்கும் திரும்ப அனுப்பினார். அந்தக் கைகளில் வரும் புண்கள் நோயால் அழுகுவதில்லை, நோவு தெரியாததால் திரும்பத் திரும்பப் படும் காயங்கள் என்பதை விளங்கிக்கொண்டதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. இன்றைக்கு நாங்கள் விறைத்த கைக்காரருக்குச் சொல்லும் பாதுகாப்புப் புத்தியெல்லாம் பெரும்பாலும் அந்தக் காலத்து வேலூர்ப் பாடம்தான்.

நாண் மாற்ற ஒரு நிபந்தனை, மூட்டுகள் கையால் நிமிர்த்தினால் நிமிர வேண்டும். இறுகிய விரலில் எந்த நாணை மாற்றினாலும் அது இழுக்காது. அதனால் கணவரின் விரல்களை நீங்கள் மெதுவாக நிமிர்த்திப் பாருங்கள். நிமிர்ந்தால் நல்லது. நிமிராவிட்டால் சில மாதம் ஸ்ப்ளின்ட், பயிற்சி என்று மூட்டை இளக்கியபின் யோசிக்கலாம். பெரியாஸ்பத்திரியில் எலும்பு கிளினிக்கில் காட்டி, பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லித் துண்டு கேளுங்கள். நீண்ட காலப் பயிற்சி தேவைப்படுகிறவர்களை ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்கும் அனுப்புவதுண்டு. வயதானவர், பழைய காயம் என்று யாரும் வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அதோடு விடாதீர்கள்.

பழைய_காயம் எழுதியது:

நிமிர்த்திப் பார்த்தேன். சுண்டுவிரல் இறுக்கம், மற்ற மூன்றும் நிமிர்கின்றன. துண்டு கேட்கப் போகிறோம்.

அலஸ்தோட்டத்தாள் எழுதியது:

சில வாரமாக எழுதவில்லை. எல்லோருக்கும் நன்றி. பந்தை நிறுத்தினோம். பெருவிரல் ஸ்ப்ளின்ட் கிடைத்துவிட்டது. அங்குள்ள மிஸ் தழும்பின் மேல் விரலால் தட்டிக்கொண்டே உள்ளங்கைப் பக்கம் போனார். ஓர் இடத்தில் தம்பி "கரண்ட் அடிக்குது" என்று கையை இழுத்தான். அந்த இடத்தைப் பேனையால் அடையாளம் போட்டு, தழும்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று கிளினிக் கொப்பியில் எழுதினார். நல்லது என்றார். பிறகு வந்த சனத்தில் மேலதிகமாகக் கேட்க முடியவில்லை. எதற்கு நல்லது?

இன்னும் ஒன்று. தம்பி இடது கையால்தான் சாப்பிடுகிறான், கரண்டியால். அம்மாவுக்கு அதைப் பார்க்க மனம் கேட்கவில்லை, ஊட்டிவிடுகிறார். அவனுக்கு அது இன்னும் கோபம்.

தொழில்வழி எழுதியது:

அந்தக் கரண்ட் அடி நல்ல செய்தி, தங்கச்சி! ஜூல் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1915இல் போர்க்காயக்காரரிடம் பார்த்து எழுதிய சோதனை அது. வளர்ந்து வரும் நரம்பு நுனி தட்டினால் சிலிர்க்கும். அடுத்த மாதம் அதே மாதிரித் தட்டும்போது அந்த இடம் விரல் பக்கமாக நகர்ந்திருந்தால் நரம்பு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மாதக்கணக்கில் தழும்பிலேயே நின்றால்தான் டொக்டரிடம் அழுத்திக் கேட்க வேண்டும். வீட்டில் தினமும் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டாம், மாதம் ஒரு தடவை போதும்.

இப்போதே தொடங்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அது மூளைக்கு. விரலிலிருந்து செய்தி வராமல் நின்றதும், மூளையில் அந்த விரல்களுக்கென்று இருந்த இடத்தைப் பக்கத்து விரல்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கும். அந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்க, ஒரு கண்ணாடியைத் தம்பியின் இரண்டு கைக்கும் நடுவில் நிறுத்துங்கள், நல்ல கை கண்ணாடியில் தெரிய, காயக் கை பின்னால் மறைந்திருக்க. நல்ல கையின் விரல்களை நீங்கள் துணியால், தூரிகையால், தும்புக் கயிற்றால் தொடுங்கள், அதே நேரம் மறைந்திருக்கும் விரலையும் அதே இடத்தில் தொடுங்கள். அவர் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். வலது கை தொடப்படுவதாக மூளை எடுத்துக்கொள்ளும். இந்தக் கண்ணாடி உத்தியை முதலில், கையிழந்தவர்களுக்கு இல்லாத கையில் தெரியும் மாயவலிக்காகப் பயன்படுத்தியவர் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில். நரம்பு தைத்தவர்களுக்கும் இப்போது ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்கிறார்கள்.

விரலின் மேல் ஏதோ நகர்ந்து போவது தெரிகிறது என்ற நிலை வந்தபின் அடுத்தது. பென்சிலின் அழிறப்பர் முனையால் விரலில் மெதுவாகத் தேயுங்கள். அவர் பார்க்க வேண்டும், பிறகு கண்ணை மூடி உணர வேண்டும், பிறகு திறந்து சரிபார்க்க வேண்டும். எங்கே பட்டது என்று வாயால் சொல்லவும் வேண்டும். ஆரம்பத்தில் நடுவிரலைத் தொட்டால் சுட்டுவிரல் என்பார். பயப்பட வேண்டாம். புதிய இழைகளில் கொஞ்சம் தங்கள் பழைய உறைக்குப் போகாமல் பக்கத்து உறைக்குள் போய்விடும். நரம்பின் அந்தப் பிழையை மாற்ற முடியாது, வருகிற செய்தியைப் புதிதாகப் படிக்க மூளையைப் பழக்கலாம். சத்தமில்லாத அறையில் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. அதற்கு மேல் இழுத்தால் கவனம் போய்விடும்.

அதன்பிறகு பொருட்கள். ஒரு பாத்திரத்தில் அரிசியைப் போட்டு உள்ளே ஐந்து ரூபா, பத்து ரூபாக் குற்றிகள், சாவி, பொத்தான், தம்பியின் தொழில் திருகாணிகள் எல்லாவற்றையும் புதைத்து, பார்க்காமல் எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். பெரிதிலிருந்து சிறிதுக்குப் போக வேண்டும்.

சாப்பாடு. அம்மாவின் மனம் விளங்குகிறது, ஆனால் ஊட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். சோறு ஆறியபின், நீங்கள் தொட்டுப் பார்த்து, வலது கையை ஒரு வேளை கோப்பையில் வைக்கச் சொல்லுங்கள். பாதி சிந்தட்டும். சோறு, பருப்பு, பொரியல், அப்பளம் என்று ஒரே கோப்பையில் இத்தனை வகைத் தொடுகை வேறு எங்கே கிடைக்கும்? பிட்டைக் குழைத்து உருட்டுவதற்குப் பெருவிரலை எதிரே கொண்டுவர வேண்டும், அதைவிட நல்ல பயிற்சியை நான் கிளினிக்கில் கொடுக்க முடியாது. சூடு மட்டும் கவனம். பிளேன்ரீக் கோப்பை, இடியப்பத் தட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி எதையும் அந்த விரல்களால் தொடக் கூடாது.

வலைத்தொழில் எழுதியது:

கிளினிக்கில் கண்ணை மூடச் சொல்லி ஒரு நைலான் இழையால் விரலில் குத்துவார்களே, பார்த்தால் நாங்கள் தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசியேதான். மெல்லியதிலிருந்து தடிப்பு வரை வரிசையாக வைத்திருந்தார்கள். எந்தத் தடிப்புத் தெரிகிறது என்று ஒவ்வொரு தடவையும் எழுதுவார்கள். தம்பிக்கும் அதைச் செய்து எழுதிவைக்கக் கேளுங்கள். முன்னேற்றம் நமக்குத் தெரியாது, கொப்பியில் தெரியும்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐஸ் பெட்டிக்குள் கை விட்டால் எனக்கு இன்றைக்கும் அந்த இரண்டு விரலும் வெளிறி, தாங்க முடியாத நோ வரும். மார்கழி வாடைக்காற்றிலும் அப்படித்தான். கையுறை போட்டுத்தான் ஐஸ் அள்ளுகிறேன்.

தொழில்வழி எழுதியது:

குளிர் நோ நரம்புக் காயக்காரர் பலருக்கு வருடக்கணக்கில் இருக்கும். அது புதிய கேடு இல்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆட்கள் பயந்துபோகிறார்கள்.

பயப்பட வேண்டிய நோ வேறு. கை வீங்கி, தோல் பளபளத்து, நிறம் மாறி, சீலை பட்டாலே எரிகிறது என்று வந்தால் அடுத்த கிளினிக் திகதிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். அதை ஆரம்பத்தில் பிடித்தால்தான் அடக்கலாம். சிலிர்ப்பு, ஊசி குத்துவது, எறும்பு ஊர்வது எல்லாம் வளர்ச்சியோடு வருவது. அவற்றுக்குக் கையை ஒளித்து வைக்காமல், மெல்லிய துணியில் தொடங்கி வரவரச் சொரசொரப்பானதைத் தேய்த்துப் பழக்க வேண்டும்.

அலஸ்தோட்டத்தாள் எழுதியது:

கண்ணாடி வைத்துச் செய்தோம். முதலில் சிரித்தான், பிறகு "அக்கா, தெரியுது போல இருக்கு" என்று திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னான். பிட்டு இன்னும் சிந்துகிறது.

கடைசியாக ஒரு கேள்வி. கடைக்குப் போக ஆசைப்படுகிறான். சும்மா இருந்து பார்த்தாலாவது மனம் மாறும் என்று எனக்கும் தோன்றுகிறது. விடலாமா? பழைய மாதிரி வேலை செய்ய எப்போது முடியும்?

தொழில்வழி எழுதியது:

விடுங்கள், நாளைக்கே. வாடிக்கையாளரோடு கதைக்க, பிழை எது என்று பார்க்க, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்க விரல் நுனி தேவையில்லை. படுத்திருக்கிற கையைவிடக் கடையில் இருக்கிற கைக்கு அசைவு அதிகம்.

பற்றவைக்கும் சோல்டரிங் கம்பியை மட்டும் வலது கையால் தொடக் கூடாது, சூடு தெரிகிறது என்று கிளினிக்கில் சோதித்துச் சொல்லும்வரை. சூடான காற்று ஊதும் கருவியும் அப்படித்தான். சாமணத்தின் பிடியில் தடித்த றப்பர் குழாய் சுற்றிக் கொடுத்தால் பெருவிரல் பலமில்லாமலே பிடிக்கலாம். திருப்புளிக்கும் அதே போல. திருகாணியை எடுக்கக் காந்த முனை உள்ளதை வாங்குங்கள். கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், விரல் சொல்ல வேண்டியதை இப்போதைக்குக் கண்தான் சொல்லும்.

பழைய மாதிரி என்பதற்கு நான் திகதி தர மாட்டேன். வளர்ந்தவர்களுக்கு மணிக்கட்டில் தைத்த மீடியன் நரம்பு முன்பிருந்த அதே நுண்ணுணர்வை முழுதாகத் தருவது அரிது. ஆனால் சூடு, கூர்மை தெரிகிற பாதுகாப்பு உணர்வும், பிடித்து வேலை செய்யும் அளவு தொடுகையும் பலருக்குக் கிடைக்கின்றன. உணர்வில் முன்னேற்றம் இரண்டு மூன்று வருடம் வரை தொடரும், அதனால் ஆறாம் மாதத்தில் கணக்கு முடிக்க வேண்டாம். ஒன்பதாம் மாதம் போல வந்தும் பெருவிரல் சதை அசையவில்லை என்றால் நாண் மாற்றுவது பற்றி டொக்டரிடம் கேளுங்கள், வருடங்கள் ஓடவிட வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு அந்தச் சாமணத்தையும் திருப்புளியையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். அங்குள்ள மிஸ் அவற்றை வைத்தே பயிற்சி எழுதித் தருவார்.